மருதாணிச் சிவப்பு

பொத்தைச் சாமி மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சாமியைப் பற்றிக் கேட்பதில்லை. "தரையில சோறு திங்கிறாரே, அந்த ஆளு யாரு?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த ஆள் மாசானம். மடத்தில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வயது ஐம்பத்தாறு, சாமியைவிடப் பதினைந்து வயது மூத்தவன். பந்தியில் உட்கார மாட்டான். இலை போட்டால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றை வெறும் தரையில் வாங்கிக்கொள்வான். சுனையில் குளிக்க மாட்டான். மாட்டுத் தொட்டியில் மிஞ்சிக் கிடக்கிற தண்ணீரை அள்ளி மேலே ஊற்றிக்கொள்வான். மடத்தில் அசிங்கமான வேலை எதுவோ அதைத் தேடிப்போய்ச் செய்வான்.

"ஏன் ஓய் இப்படிக் கிடந்து சீரழியுதீரு?" என்று சமையல் செய்கிற வேலம்மா கேட்பாள்.

"எனக்கு இதே அதிகம்" என்பான்.

யார் வந்து பேச்சுக் கொடுத்தாலும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவான். "ஒரு பச்சப்பிள்ளையோட கையத் தின்ன கை இது. நல்லாப் பார்த்துக்கிடுங்க."

கேட்டவர்கள் திகைத்துப் போவார்கள். பிறகு கதை வரும். மாசானம் அந்தக் காலத்தில் பேர்போன எலும்பு முறிவு வைத்தியன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்னங்கையை முறித்துக்கொண்டு வந்தாள். கட்டுப் போட்டான். ஒன்பதாம் நாள் அவிழ்த்தபோது கை கரிக்கட்டையாகக் கறுத்துப்போய் இருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஊரைவிட்டு ஓடிவந்தவன்தான்.

சொல்லிச் சொல்லிக் கதை நன்றாகப் பழுத்திருந்தது. எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வது என்பதெல்லாம் தானாகவே வரும். அதற்காக அதை நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. அழுகை நிஜம்தான். காலையில் விழிப்பு வந்ததும், கண்ணைத் திறப்பதற்கு முன்பே, தான் இன்னும் மாசானமாகவே இருப்பது அவனுக்கு நினைவு வரும்.  தன் வியர்வை நாற்றம், தன் இருமல் சத்தம், சுவரில் விழுகிற தன் நிழல் எல்லாமே அவனுக்குக் குமட்டின. வேறு யாருடைய உடம்பிலாவது இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். அரிவாளை எடுத்து வலது மணிக்கட்டில் வைத்துப் பார்த்த நாட்களும் உண்டு.

சாமி அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். கேட்டு முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"என்னை மாதிரி மகாபாவி அந்தப் பேரைச் சொல்லலாமா, சாமி? நாக்கு அழுகிப் போகாதா?"

சாமி அதற்குமேல் கேட்க மாட்டார். எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வருஷத்துக்கு நாலைந்து தடவை இது நடக்கும்.

இன்னொரு விஷயமும் மாசானத்தை அறுத்தது. சாமி அவனை "வைத்தியரே" என்றுதான் கூப்பிடுவார்.

"அப்படிக் கூப்பிடாதீங்க, சாமி. சூடு வச்ச மாதிரி இருக்கு."

"வேற எப்படிக் கூப்பிட?"

"நாயின்னு கூப்பிடுங்க."

சாமி வாசலைப் பார்த்தார். மடத்து நாய் வெயிலில் படுத்திருந்தது. "தோ, தோ" என்றார். அது எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது.

"நாய் கூப்பிட்டா வருது, வைத்தியரே" என்றார். வேலம்மா அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டாள். மாசானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னை நாயைவிடக் கேவலம் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. ஒருநாள் காலையில் சாமி சுனைக்குக் கிளம்பும்போது மாசானம் வழியை மறித்துக்கொண்டு நின்றான். முந்தின நாள் எதுவும் சாப்பிடவில்லை. கண் உள்ளே போயிருந்தது.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"என்னைக் கண்டா எனக்கே அருவருப்பா இருக்கு. ஒன்பது வருஷமாச்சு. சாணி அள்ளியாச்சு, பட்டினி கிடந்தாச்சு. துளிகூடக் குறையலை. இது எப்போ போகும்?"

சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "குளிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று இறங்கினார்.

சுனைக்குப் போகிற பாறைப்படியில் பாசி பிடித்திருந்தது. நாலாவது படியில் கால் வழுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் மேலே நின்ற மாசானத்துக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

வேலம்மா ஓடிவந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம், சாமி."

"ஓடையைப் பார்த்தியா?"

அவள் பார்த்தாள். மடத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஓடையில் வெள்ளம் கழுத்தளவு போய்க்கொண்டிருந்தது. மழை விட்டாலும் வடிய இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

சாமி உள்ளே வந்து உட்கார்ந்தார். கை கோணலாகத் தொங்கியது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"வைத்தியர்தான் வீட்டிலேயே இருக்காரே."

மாசானம் பின்னாலேயே நகர்ந்து சுவரில் முட்டி நின்றான். "மாட்டேன், சாமி. கொன்னு போட்டாலும் மாட்டேன். இந்தக் கையால இனி ஒரு கட்டுப் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சரி" என்றார் சாமி.

 மடியில் கையை வைத்தபடியே இருந்தார். வலியில் நெற்றி வேர்த்து வேர்த்து வடிந்தது. மத்தியானக் கஞ்சியைத் தொடவில்லை. மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது.

வேலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய்யா, நீரு மனுசன்தானா? வீங்கிட்டே போவுது. இன்னும் செத்த நேரம் போனா எலும்பு சேராதுன்னு உமக்குத் தெரியாதா!"

சாயங்காலம் மாசானம் எழுந்தான். மூங்கிலைச் சீவி, எலும்புக்கு அணை கொடுக்கிற சிம்பு செய்தான். பழைய வேட்டியைக் கிழித்து நாடா ஆக்கினான். உளுத்தமாவைக் குழைத்தான்.  சாமியின் மணிக்கட்டைத் தொட்டான். ஒன்பது வருஷம் சாணி அள்ளிய கட்டைவிரல் தோலுக்குக் கீழே எலும்பின் முனையைத் தேடிப் பிடித்தது. ஒரு இழுப்பு, ஒரு அழுத்து. எலும்பு அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"அடேயப்பா, என்ன கை இது!" என்றாள் வேலம்மா.

மாசானத்துக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. மாவைத் தடவி, சிம்பை வரிசையாக அடுக்கி, நாடாவைச் சுற்றினான். முடிச்சை இறுக்கினான். இறுக்கிவிட்டு, தலையை நிமிர்த்தி, எல்லா நோயாளியிடமும் சொல்கிற அந்த வார்த்தையைச் சொன்னான்.

"நான் போட்ட கட்டை நான்தான் அவிழ்ப்பேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

அவன் அப்பா சொன்ன வார்த்தை. தாத்தா சொன்ன வார்த்தை. வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவன் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் இதையேதான் சொன்னான், இதே குரலில்.

சற்றுமுன் வந்த சந்தோஷம் அப்படியே புளித்துப்போனது. இந்தக் கைக்குச் சந்தோஷம் வேறு கேட்கிறதா? வெட்கங்கெட்ட கை. அவன் வெளியே ஓடினான்.

மடம் இருக்கிற பொத்தைக் குன்றுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. செத்த மாட்டைத் தள்ளுகிற இடம். அங்கே போய்ச் சேற்றில் குப்புற விழுந்தான். மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டான். வலது கையைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் குத்தினான். "பாவி, சண்டாளா, ஒரு பிள்ளையை முடமாக்கின கைக்குப் பாராட்டு கேக்குதோ?" என்று தன்னையே ஏசினான். ஏச ஏச நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இளகியது போல இருந்தது. அதனால் மறுபடியும் ஏசினான்.

மறுநாள் காலையில் வேலம்மா கஞ்சி கொண்டுவந்தாள். வாங்கவில்லை.

சாயங்காலம் மறுபடியும் வந்து மேட்டில் நின்று கூப்பிட்டாள். "ஓய், சாமி உம்மக் கூப்பிடுதாரு. விரலு மதமதன்னு இருக்காம். வந்து பாரும்."

"என்னைக் கூப்பிடாதீங்க, அம்மா. நான் தொட்ட எதுவும் விளங்காது. நான் இந்த மாட்டு எலும்போட எலும்பாக் கிடந்து சாகணும்."

"நீரு எங்கன வேணாலும் சாவும். விரலைப் பார்த்துட்டுச் சாவும்."

அவன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் வந்தபோது கூப்பிடவில்லை. பள்ளத்துக்குள்ளேயே இறங்கி வந்தாள். கையில் அரிவாள்மனை இருந்தது. அழுதிருந்தாள்.

"கட்டை அறுத்து எறியுதேன்னு சொன்னா விட மாட்டேங்காரு. வைத்தியர் சொல்லியிருக்காரு, அவர்தான் அவுக்கணும்னு உக்காந்திருக்காரு. விரலு நீலம் பாரிச்சுப் போச்சு, ஓய்."

மாசானம் எழுந்து ஓடினான். சேறு வழுக்கி இரண்டு முறை விழுந்தான்.

சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரலும் நாவல்பழ நிறத்தில் உருண்டிருந்தன. தொட்டால் சில்லென்று இருந்தன. முறிந்த கை இரண்டு நாள் வீங்கும், வீங்க வீங்கக் கட்டு இறுகும், காலையும் மாலையும் விரலைப் பார்த்துக் கட்டைத் தளர்த்த வேண்டும். தொழில் படிக்க வந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற பாடம் இது.

முடிச்சு ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. நகத்தால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தான். சிம்புகள் கீழே விழுந்தன. நாடா பதிந்த இடமெல்லாம் வாய்க்கால் வெட்டியது போல இருந்தது.

மாசானம் தடாலென்று சாமியின் காலில் விழுந்தான்.

"நான் மகாபாவி, சாமி! ரெண்டாம் தடவையும்..."

"எழுந்திரிங்க" என்றார் சாமி. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "அங்கே கிடந்தா விரல் தெரியாது."

எழுந்தான்.

கையை உயர்த்திப் பிடித்தான். எண்ணெயைச் சூடு காட்டி மெல்லத் தடவினான். ஒவ்வொரு நகமாக அழுத்தினான். நகத்தை அழுத்தினால் வெளுக்க வேண்டும். விட்டால் ரத்தம் திரும்பி வந்து சிவக்க வேண்டும். அதுதான் உயிர் இருப்பதற்கு அடையாளம். அழுத்தினான், விட்டான், பார்த்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினான்.

முதலில் கட்டைவிரலில் நிறம் வந்தது. பிறகு ஆள்காட்டி விரல். வெகுநேரம் கழித்து நடுவிரல். ரத்தம் திரும்பும்போது வந்த வலியில் சாமி முனகினார். மாசானம் தன்னை ஏச மறந்துபோனான். பசியும் மறந்துபோனது. அவனுக்கு முன்னால் இரண்டு நகங்கள் மட்டும் இருந்தன. மத்தியானம் தாண்டி மோதிர விரல் லேசாக வெளுத்து லேசாகச் சிவந்தது.

சுண்டுவிரல் மட்டும் அப்படியே இருந்தது.

ஓடை இடுப்பளவு வடிந்திருந்தது. வேலம்மாவும் மாசானமும் சாமியைத் தாங்கிக் கடந்து பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, சுண்டுவிரலை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

"இதைக் கட்டினது யாரு?" என்று டாக்டர் கோபமாகக் கேட்டார்.

வேலம்மா மாசானத்தைப் பார்த்தாள். இனி ஆரம்பித்துவிடுவான், ஆஸ்பத்திரியே கூடிவிடும் என்று பயந்தாள்.

"நான்தான்" என்றான் மாசானம். "கட்டினது சரிதான். ரெண்டு நாள் வந்து பார்க்கலை."

அதற்குமேல் அவன் பேசவில்லை.

சாமியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று வேலம்மா மடத்துக்குச் சாமான் வாங்கக் கடைப்பக்கம் போனாள். சாமியும் மாசானமும் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிரே பூக்கடையில் ஒரு பெண் கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் சிவப்பாக இருந்தது. மாசானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மருதாணி வச்சிருந்தா, சாமி."

"யாரு?"

"கோமு. அந்தப் பிள்ளை பேரு கோமு."

சாமி அவன் பக்கம் திரும்பினார்.

"ஊர்ல அம்மன் கொடைத் திருவிழா. அதுக்காக அஞ்சாறு நாளுக்கு முந்தியே பத்து விரல்லயும் மருதாணி வச்சிருக்கா. கட்டுப் போடும்போது அழுதுக்கிட்டே, 'என் மருதாணி அழிஞ்சிருமா'ன்னு கேட்டா. அழியாது தாயின்னு நான்தான் சொன்னேன்."

மாசானத்தின் குரல் தட்டையாக இருந்தது. தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கதையின் இந்தப் பகுதியை அவன் யாரிடமும் சொன்னதே இல்லை.

"மூணாம் நாள் அவ அம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா. நான் கொடைப் பந்தல்ல மேடையில இருந்தேன். ஊர்ப் பெரியவங்க எனக்குப் பொன்னாடை போர்த்தி மாலை போட்டிருந்தாங்க. அந்தம்மா கீழ நின்னு, பிள்ளை ராத்திரி பூரா கத்துது, ஒரு நடை இறங்கி வந்து பாருங்கன்னா. நான் இருந்த இடத்தில இருந்தே எட்டிப் பார்த்தேன். நகம் செவப்பா இருந்துச்சு."

மாசானம் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான். 

"ரத்தம் நல்லா ஓடுது, கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும், ஒன்பதாம் நாள் வா, நான்தான் அவிழ்ப்பேன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவளும் கும்பிட்டுட்டுப் போயிட்டா. நான் போட்ட கட்டுல அவ கை வைக்கலை. பிள்ளை கத்தக் கத்த, ஆறு நாள் கை வைக்காம இருந்திருக்கா."

"இறங்கலை" என்றார் சாமி.

"இறங்கலை. நாலு படிதான். இறங்கி ஒரு நகத்தை ஒரு அழுத்து அழுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும், சாமி. மருதாணிச் செவப்பு அழுத்தினா வெளுக்காது."

பூக்காரி தொடுத்த சரத்தை முழம் போட்டு வாழையிலையில் சுருட்டினாள்.

"இதை நீங்க ஒன்பது வருஷத்தில சொன்னதே இல்லையே."

"பாவின்னு சொல்லிட்டா இதைச் சொல்ல வேண்டியதில்லை, சாமி."

மாசானம் அழுதான். சத்தம் வரவில்லை. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ அவளுக்குப் பதினேழு நடக்கும்" என்றான். "போனது வலது கை. எழுதுற கை."

சாமி கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மாசானம் அவருடைய இடது கையைப் பார்த்தான். வெள்ளைத் துணிக்கு வெளியே நாலு விரல்தான் இருந்தது. 

"உங்க விரலையும் வாங்கிட்டேனே. அன்னைக்காவது மாலை மரியாதை மயக்கத்துல இருந்தேன், தலைக்கனம் கண்ணை மறைச்சிருச்சு. இந்தத் தடவை அப்படி ஒண்ணும் இல்லையே, சாமி. என்னைவிடக் கேவலமானவன் உலகத்தில இல்லைன்னுதானே கிடந்தேன். அப்புறமும் ஏன் இப்படி ஆச்சு?"

"அந்தம்மா கூப்பிட்டப்போ எங்கே இருந்தீங்க?"

"மேடையில. கழுத்துல மாலையோட."

"வேலம்மா கூப்பிட்டப்போ?"

"பள்ளத்துல. தலையில மண்ணோட."

சாமி கட்டுப் போட்ட கையைத் தூக்கி, சுண்டுவிரல் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"விரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான், வைத்தியரே."

  பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், கண்டக்டர் இவர்களைப் பார்த்து விசில் ஊதினார். மாசானம் எழுந்திருக்கவில்லை. சாமியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். மோதிர விரலின் நகத்தை மெல்ல அழுத்தினான். விட்டான். குனிந்து, அது சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.